மனோதத்துவப் பரீட்சையும் நம் பிள்ளைகளும்

(நொச்சிக்குப்பத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் காலேஜில் முதல் வருஷம் சொல்லிக் கொடுக்கப்படும் மனோதத்துவப் பாடமும் அதன் பரீட்சையுமாகும். மனோதத்துவம் என்பதற்கு இப்பொழுது உளவியல் என்று நல்ல தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். மீன் விற்கும் இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர், முக்கியமாகப் பெண்கள், இந்தப் பாடத்தை ஆசையோடு எடுத்துச் சேருகிறார்கள். முதல் பருவப் பரீட்சை முடிவு வந்தவுடன் இரண்டு பேப்பரோ மூன்று பேப்பரோ அரியர் என்று நிற்கிறது. உடனே வீட்டில், "நமக்கெல்லாம் இது ஒத்து வராது, கூடையைத் தூக்கு" என்கிறார்கள். பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பித்து விடுகிறார்கள். இந்த முடிவு சரிதானா என்பதைத்தான் இன்று உங்களோடு யோசிக்க வந்திருக்கிறோம்.

சர்வகலாசாலை இங்கிருந்து காத தூரத்தில் இல்லை. கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கடற்கரையோடு வடக்கே நடந்தால் 1914-ல் ஏற்பட்ட இராணி மேரி கல்லூரி. அதற்கும் வடக்கே 1840-ல் ஏற்பட்ட மாநிலக் கல்லூரி. அதையடுத்து 1857-ல் ஏற்பட்ட சென்னை சர்வகலாசாலை. மூன்றும் ஒரே ரோட்டில் இருக்கின்றன. இந்தியாவில் மனோதத்துவத்துக்கு முதல் இலாகா 1916-ல் கல்கத்தாவில் ஏற்பட்டது. நம் சர்வகலாசாலையில் 1943-ல் ஜி.டி. போவாஸ் என்பவரைத் தலைவராகக் கொண்டு ஏற்பட்டது. ஆக, கூப்பிடு தூரத்தில் இந்தப் படிப்பு வந்து 80 வருஷத்துக்கு மேலாகியும், இங்கே எத்தனையோ வீடுகளில் இப்பொழுதுதான் முதல் பிள்ளை அந்த வாசலுக்குள் கால் வைக்கிறது. அந்தப் பிள்ளை முதல் வருஷத்தில் தடுமாறுவதில் அதிசயம் என்ன? முதன்முதலாகக் கட்டுமரத்தில் போன பையன் அலையைத் தாண்டுவதற்குள் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுக்கிறான். அதற்காக இவனுக்குக் கடல் ஒத்துக் கொள்ளாது என்று எந்தத் தகப்பனாவது கரையிலேயே நிறுத்தி விடுகிறானா?

சரி, அப்படி என்ன கஷ்டம் இந்தப் பாடத்தில் என்று பார்ப்போம். சேருகிறவர்கள் நினைப்பது ஒன்று, எதிரே வருவது ஒன்று. பிறத்தியார் மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்கலாம், கனவுக்குப் பலன் சொல்லலாம், சினிமாவில் வரும் டாக்டரைப் போல் நாற்காலியில் சாய்த்து வைத்துப் பேசலாம் என்று எண்ணிக் கொண்டு போகிறார்கள். போனால் முதல் மாதத்திலேயே மூளையின் படத்தைக் கையில் கொடுத்து, அதில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஒன்று இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் விதம் எப்படி என்று கேட்கிறார்கள். அது முடிவதற்குள் கணக்கு வந்து விடுகிறது. சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம். பிளஸ் டூவோடு கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டு வந்த பிள்ளைக்கு எப்படி இருக்கும்? இதற்கெல்லாம் மேலாக, அத்தனையும் இங்கிலீஷில். இங்கிலீஷில் மட்டுமா? அந்த இங்கிலீஷுக்குள்ளும் லத்தீன், கிரேக்கம்!

நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இந்தப் பாஷைச் சங்கதியைத்தான். மூளைக்குள் ஞாபகத்துக்கு வேண்டிய ஒரு பாகம் இருக்கிறது. அதற்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். பிள்ளை அதை நூறு தரம் எழுதி எழுதிப் பார்க்கிறது, மறுநாள் காணோம். ஹிப்போகாம்பஸ் என்றால் என்ன? கிரேக்க பாஷையில் கடல் குதிரை, வேறொன்றுமில்லை! அறுத்துப் பார்த்தவர்களுக்கு அது கடல் குதிரை போல் வளைந்து தெரிந்தது. அந்தப் பெயரை வைத்து விட்டார்கள். உங்கள் வலையில் எத்தனை தரம் கடல் குதிரை மாட்டியிருக்கும்? பயத்துக்குச் சம்பந்தப்பட்ட இன்னொரு பாகம் அமிக்டலா. அதற்கு அர்த்தம் பாதாங்கொட்டை. இவ்வளவுதான் விஷயம். இதை வகுப்பில் ஒரு நிமிஷம் சொல்லிவிட்டால் எந்தக் குப்பத்துப் பிள்ளையும் சாகும் வரையில் மறக்காது. சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்?

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது என்பதை மனிதனை அறுத்தா கண்டுபிடித்தார்கள்? இல்லை. நீங்கள் கடம்பா என்று சொல்லி விற்கிறீர்களே, அந்தக் கணவாயின் உடம்பில் கண்ணுக்குத் தெரியும்படியான ஒரு தடித்த நரம்பிழை இருக்கிறது. கணவாய் சட்டென்று தண்ணீரைப் பீய்ச்சிப் பின்னால் பாய்வது அதனால்தான். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு இங்கிலீஷ்காரர்கள் அந்த இழைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி மின்சாரத்தை அளந்து 1952-ல் கணக்கு வெளியிட்டார்கள். 1963-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். முதல் வருஷப் புத்தகத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்தும் அந்த அத்தியாயம் கணவாயிலிருந்து வந்தது. கணவாய் கழுவின கைக்கு அது அந்நியமா?

அர்த்தம் தெரியாமல் படித்தால் என்ன ஆகும் என்பதை இதே சாஸ்திரமே சோதித்துச் சொல்லியிருக்கிறது. எப்பிங்ஹாஸ் என்ற ஜர்மானியர், அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டங்களைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகம் போட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போயிற்று. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. அர்த்தம் உள்ளதைப் படித்தால் இவ்வளவு வேகமாகப் போவதில்லை. அப்படியானால், தமிழில் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, அர்த்தம் சொல்லாமல் கிரேக்கச் சொல்லைக் கொடுத்து உருப்போடச் சொன்னால், அது எப்பிங்ஹாஸின் எழுத்துக் கூட்டம் அல்லாமல் வேறென்ன? எப்பிங்ஹாஸ் மறந்தால் விஞ்ஞானம்; நம் பிள்ளை மறந்தால் மக்கு!

பரீட்சை எப்படி என்றால், சர்வகலாசாலையைச் சேர்ந்த கல்லூரிகளில் பெரும்பாலும் வருஷத்தில் இரண்டு பருவம். ஒரு பேப்பருக்கு உள் மார்க்கு 25, எழுத்துப் பரீட்சைக்கு 75, மூன்று மணி நேரம். இரண்டு மார்க்குக் கேள்வி, ஐந்து மார்க்குக் கேள்வி, பத்து மார்க்குக் கேள்வி என்று மூன்று வகை. தேறுவதற்கு நூற்றுக்கு நாற்பது போதும். பார்த்தால் மலை அல்ல. பின் எங்கே சறுக்குகிறது? "இன்னது என்றால் என்ன" என்ற கேள்விக்குப் புத்தகத்து வாக்கியத்தையே எதிர்பார்க்கிற பழக்கத்தில்தான் சறுக்குகிறது. பாவ்லாவ் என்ற ரஷியர் நாய்க்குச் சோறு போடும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்கச் செய்து, பிறகு வெறும் சத்தத்துக்கே அதற்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். மார்க்கெட்டில் கூடை இறக்கும் சத்தம் கேட்டவுடன், மீனைக் கண்ணால் காண்பதற்கு முன்னேயே பூனை ஓடி வருகிறதே, அது என்ன? அதுதான் இது. இந்தப் பூனையை ஒரு பிள்ளை விடைத்தாளில் எழுதினால் முழு மார்க்குக் கொடுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மதராஸ் பூனை பாவ்லாவ் நாய்க்கு எந்த விதத்தில் தாழ்த்தி? கடைசி வாரத்தில் கைடு புத்தகத்தை வாங்கி உருப்போட்டுக் கக்குவதற்குப் படிப்பு என்று பெயரிட்டால், புரோகிதன் அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுவதைப் பரிகாசம் செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பரீட்சை நெருங்கியதும் வீட்டில் நடப்பது இன்னொரு கூத்து. பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுப்பதும், ஹால் டிக்கெட்டுக்கு மஞ்சள் தடவுவதும், போன தடவை தேறியபோது போட்டிருந்த சட்டையையே மறுபடியும் போடுவதுமாக இருக்கிறது. மனோதத்துவம் படிக்கும் பிள்ளை இதைச் செய்வதுதான் பெரிய வேடிக்கை. ஏனென்றால் ஸ்கின்னர் என்ற அமெரிக்கர் 1948-ல் எட்டுப் புறாக்களைப் பசியோடு கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் தானியம் விழும்படி செய்தார். கொஞ்ச நாளில் ஒரு புறா சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று மூலையில் தலையை முட்டிற்று. எட்டில் ஆறு இப்படி ஏதோ ஒரு சடங்கைப் பிடித்துக் கொண்டன. தானியம் எப்படியும் வந்திருக்கும். தன் சடங்கினால் வந்தது என்று நினைப்பது போலப் புறா நடந்து கொண்டது. அதே வருஷத்தில் ஃபோரர் என்பவர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, "இது உன் தனிக் குணம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பொருந்துகிறதா என்று மார்க்குப் போடச் சொன்னார். சராசரி 5-க்கு 4.26 போட்டார்கள். கடைசியில் பார்த்தால் எல்லாத் தாளும் ஒரே தாள். ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது! மெரினாவில் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டு எல்லோருக்கும் பொருந்துவதன் இரகசியம் இதுதான். இவ்வளவையும் படித்து எழுதப் போகும் பிள்ளையின் பேனாவுக்குக் கற்பூரம் காட்டலாமா?

பின் எப்படித்தான் படிப்பது என்று கேட்பீர்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியார் பாடத்தை இரண்டு தரம் வாசித்தார்கள். மற்றொரு பகுதியார் ஒரு தரம் வாசித்து, பிறகு மூடி வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டதில் இரண்டு தரம் வாசித்தவர்களே கொஞ்சம் மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டதில், வாசித்தவர்களுக்கு நூற்றுக்கு 42, மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நாற்பதுதான் தேறும் மார்க்கு என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். வலை பின்னுவதை நீங்கள் எப்படிக் கற்றுக் கொண்டீர்கள்? பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷம் பார்த்துக் கொண்டேயா இருந்தீர்கள்? கையில் வாங்கிப் பின்னி, தப்பாகப் பின்னி, பிரித்து, மறுநாள் மறுபடியும் பின்னித்தானே?

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து நாள் தொழிலில் உங்களுக்கு 300, 400, 350, 450 ரூபாய் வந்து, ஐந்தாம் நாள் நல்ல பாடு விழுந்து 6,000 வந்தது என்று வைத்துக் கொள்ளுவோம். கூட்டினால் 7,500. "சராசரி தினம் 1,500 ரூபாய் சம்பாதிக்கிறாயே" என்று வட்டிக்காரன் சொன்னால் ஒத்துக் கொள்வீர்களா? வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பது எது என்று பாருங்கள்: 400. இதற்குப் பெயர்தான் இடைநிலை. இது தெரியாதவர்கள் இந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை, பெயர்தான் தெரியாது.

கடைசியாக, "நம் ரத்தத்துக்குப் படிப்பு வராது" என்ற பேச்சு. இதை மேல்ஜாதிக்காரன் சொன்ன காலம் போய் நாமே நம் பிள்ளையைப் பார்த்துச் சொல்லுகிறோம். பாரிஸ் நகரத்தில் பினே என்பவர் 1905-ல் புத்திப் பரீட்சையைச் செய்தது, எந்தக் குழந்தைக்கு அதிக உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காக. புத்தி பிறப்போடு முடிந்து போனது என்று சொல்லுவதை அவர் கண்டித்தார். பின்னால் வந்தவர்கள் அதே அளவுகோலை எடுத்து ஜாதிக்கும் இனத்துக்கும் முத்திரை குத்தினார்கள். இன்னொன்று: ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளின் முனையில் அம்புக்குறியை மாற்றிப் போட்டால் ஒன்று நீளமாகத் தெரியும். முல்லர்-லையர் படம் என்று முதல் வருஷச் சோதனைச் சாலையில் காட்டுவார்கள். ரிவர்ஸ் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1898-ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குப் போய், கடலில் பிழைக்கும் ஜனங்களுக்கு அதைக் காட்டினார். அவர்கள் இங்கிலீஷ்காரர்களைவிடக் குறைவாகத்தான் ஏமாந்தார்கள்! கண்ணும் மூளையும் பழகிய இடத்தைப் பொறுத்தது. பிறந்த குலத்தைப் பொறுத்ததல்ல.

இந்தப் படிப்பில் பி.எஸ்ஸி. முடித்தவுடனே மனநோய்க்கு வைத்தியம் பார்க்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அதற்கு மேலே பல வருஷம் படித்து, சட்டப்படி பதிவு செய்து கொள்ள வேண்டும். ஆனால் 2004 டிசம்பர் 26-ல் கடல் உள்ளே வந்த பிறகு, கடலோர ஊர்களில் இரவில் அலைச் சத்தம் கேட்டு அலறிய குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களோடு பேச வெளியூரிலிருந்து படித்தவர்கள் வர வேண்டியிருந்தது. குப்பத்துப் பேச்சில் பேசி, குப்பத்துப் பயத்தை அறிந்த ஒருத்தி அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றால், அவள் முதல் வருஷ அரியரைத் தாண்டியாக வேண்டும்.

ஆகவே தாய்மார்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம். நவம்பரில் விட்ட பேப்பரை ஏப்ரலில் எழுதலாம். அதற்குக் கட்டும் பணத்தை எந்த வேண்டுதலுக்கும் திருப்பி விடாதீர்கள். ராத்திரி சாப்பாடானதும் புத்தகத்தை நீங்கள் வாங்கி மூடி மடியில் வைத்துக் கொள்ளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குத் தெரிகிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை தடுக்கித் தடுக்கிப் பேசினால் உங்களுக்கே தெரிந்து விடும். அப்போது மட்டும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.