பித்தக்கானில் ஒரு சிறு குழாய்

(நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில், மருத்துவ, தாதியத் துறைகளிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவிகளிடமிருந்து எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒன்று எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "அம்மாவுக்குச் செங்கமாரி. ஸ்கானில் சதையியில் கட்டி தெரியுதாம். குழாய் வைக்கப் போகினமாம். விடலாமோ?" அந்தக் கேள்விக்கே இன்று விடை சொல்ல வந்திருக்கிறோம்.

உயிரியல் வகுப்பில் பித்தப்பையைக் கீறிப் பச்சை நிறம் தீட்டிய நாங்கள், பித்தக்கானை ஒரு கோட்டோடு விட்டுவிட்டோம். அந்தக் கான் சதையியின் தலைப்பகுதியை ஊடறுத்தே சிறுகுடலை அடைகிறது. அங்கே புற்றுநோய்க் கட்டி வளர்ந்தால் கான் நெரிபடும். கானிலேயே தோன்றும் புற்றுநோயும் அதை அடைக்கும். போக வழியில்லாத பித்தம் இரத்தத்தில் சேரும். கண் மஞ்சளாகும், சிறுநீர் தேயிலைச் சாயம் போலாகும், மலம் வெளிறும். நோவே இல்லாமலும் இது வரலாம். ஆனால் உடம்புக் கடி பொல்லாதது. இரவிரவாகச் சொறிந்து நித்திரையின்றித் தவிப்பவர்களை நாங்கள் பார்க்கிறோம். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துக் கிழமைகளைப் போக்குபவர்களும் உண்டு. இந்த அடைப்பை அது திறக்காது.

ஸ்டென்ட் வைப்பதற்கு வயிற்றை வெட்டுவதில்லை. கமெரா பொருத்திய வளையும் குழாயொன்றை வாய்வழியே சிறுகுடல்வரை செலுத்தி, எக்ஸ்ரேயில் பார்த்தபடி அடைப்பினூடாக ஸ்டென்ட்டை வைப்பார்கள். ஜேர்மனியில் நிப் சோஹென்ட்ரா 1980இல் எழுதி அறியத்தந்த முறை இது. வாய்வழி முடியாவிட்டால் தோலினூடாக ஈரலுக்குள் சென்றும் வைக்கலாம். சிலருக்குப் பின்னர் சதையி அழற்சியோ இரத்தக்கசிவோ ஏற்படுவதுண்டு; இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட்டின் அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். பக்ரீரியாவும் பித்தக் கசடும் படிந்து மூன்று, நான்கு மாதங்களில் அடைபடும். உலோக வலை ஸ்டென்ட் 8 முதல் 10 மில்லிமீற்றர்வரை விரியும். விலை கூட, ஆனால் நெடுநாள் திறந்திருக்கும். சில மாதங்களுக்கு மேல் வாழக்கூடியவருக்கு உலோகமே நல்லதென்பது எங்கள் எண்ணம். திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அலைவதும் செலவுதானே. கட்டியைச் சத்திரசிகிச்சையால் விரைவில் அகற்றக்கூடிய சிலருக்கோ ஸ்டென்ட்டே தேவைப்படாது. ஆகவே முதலில் அதைக் கேளுங்கள்.

இனிச் சொல்வது கசப்பானது. ஸ்டென்ட் வைத்தபின் கண் வெளுக்கும், கடி அடங்கும், அம்மா சோறு கேட்பா. "சுகமாயிற்று" என்று வீடு முழுவதும் நம்பும். திறந்தது கான் மட்டும். கட்டி அங்கேயே இருக்கிறது. மஞ்சள் இறங்கியபின் பலருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்ற முடியும். அந்த நாட்களை எப்படிக் கழிப்பதென்று தீர்மானிக்கவேண்டியவர் அம்மாதான். "அவவுக்குச் சொல்லாதேங்கோ" என்று எங்களிடம் கேட்பவர்களுக்கு நாங்கள் இதையே சொல்கிறோம்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, மஞ்சள் திரும்பினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்கவேண்டாம். எந்த வகை ஸ்டென்ட், எந்தத் திகதியில் வைத்தது என்பதைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி, அதன் படத்தை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள்.

தேநீர் இடைவேளையில் மண்டப வாசலில் நிற்போம். தனியே கேட்கவேண்டியவற்றை அங்கே கேளுங்கள்.