சதையியும் நரம்பும்



இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே விடியற்காலையில் பிரட்டுக்குச் செல்வோருள்ளும் பால்வெட்டுக்குச் செல்வோருள்ளும் நீரிழிவு உடையோர் உளர். "பயத்தினாலும் கவலையினாலும் சீனி ஏறுமா?" என்று அவர்கள் வினவுவதுண்டு. ஏறும் என்பதே விடை. அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நோக்குவோம்.

இரைப்பையின் பின்னே கிடக்கும் சதையியிலே, சிறு தீவுகள் போன்ற கலக்கூட்டங்கள் உண்டு. 1869ஆம் ஆண்டில் அவற்றை முதன்முதல் விவரித்தவர் ஜேர்மனியரான போல் லாங்கர்ஹான்சு. அங்கே சுரக்கும் இன்சுலின் இரத்தத்திலுள்ள சீனியைக் குறைக்கும். குளுக்ககன் அதனைக் கூட்டும். இரத்தத்துச் சீனியின் அளவே இவ்விரு ஓமோன்களையும் முதன்மையாக ஆள்கின்றது. எனினும், நரம்புகளும் அங்கே ஆணையிடுகின்றன.

மூளையிலிருந்து இறங்கும் வேகசு நரம்பு, உணவு நாவிற் பட்டதும், அதன் சீனி இரத்தத்திற் கலக்கும் முன்னரே, சிறிது இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றது. பரிவு நரம்போ இதற்கு மாறானது. பால்வெட்டும் ஒருவரின் காலடியிலே பாம்பு சீறினால், அந்நரம்பு இன்சுலினைத் தடுத்துக் குளுக்ககனை ஏவும். அதிரினலினும் பெருகும். ஈரல் தன் சேமிப்பிலுள்ள சீனியை இரத்தத்திற் சொரியும். ஓடித் தப்புதற்கு வேண்டிய வலு அதுவே. பாம்பு அகன்றுவிடும், கடன் கவலையோ நாள்தோறும் உடனிருக்கும். அவ்வாறு ஏறும் சீனியை இறக்க நீரிழிவுடையோரிடத்து இன்சுலின் போதுவதில்லை. அதற்காக, கவலை தீர்ந்தால் நோயும் தீருமென்று மருந்தை நிறுத்துதல் பெருந்தவறாகும்.

இன்னுமோர் ஆபத்தும் உண்டு. இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, உண்ணாது மலையேறினால், சீனி மிகக் குறைந்துவிடும். அப்பொழுது கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அது நரம்பு அடிக்கும் அபாயமணி. பல்லாண்டு நோயுற்று, சீனி அடிக்கடி குறைந்து பழகியோரிடத்து அம்மணி ஒலியாமலே போதலும் கூடும்.

ஆதலால், அத்தகைய மருந்தெடுப்போர் உண்ட பின்னரே வேலைக்குச் செல்லுதல் வேண்டும். மடியிலே சிறிது சீனி இருத்தல் நலம். நடுக்கம் கண்டவுடன் அதனை உண்க. உடன் வேலை செய்வோரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். மயங்கியவரின் வாயில் எதனையும் ஊற்றாது, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.