எந்தச் சாவடி?

போரூரில் பூந்தமல்லி பஸ் ஏறி, "சாவடி ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் நிமிர்ந்து, "எந்தச் சாவடி?" என்பார். குமணன்சாவடியும் கரையான்சாவடியும் அந்த ரோட்டில் அடுத்தடுத்து வருகின்றன. சாவடி என்றாலே வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுகிற இடம். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் வழி கேட்டுக்கொண்டுதான் மேலே நடப்பார்கள். ஆவடி போகிறவர் இன்றைக்கும் கரையான்சாவடியில்தான் வலது கைப்பக்கம் திரும்பவேண்டும்.

இணையத்திலும் வழி சொல்ல ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் டி.என்.எஸ். பால் மொக்காபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் 1983-இல் வகுத்தது. நாம் ஒரு கம்பெனியின் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்கு அந்தப் பெயர் போதாது, எண் வேண்டும். அந்த எண்ணைச் சொல்வது நேம் சர்வர். வெப்சைட் எங்கே இருக்கிறது என்றால் ஒரு பதில், மெயிலை எந்த வாசலில் போடவேண்டும் என்றால் வேறொரு பதில். இரண்டையும் அதுதான் சொல்லவேண்டும்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். கரையான்சாவடியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆர்டர் எல்லாம் மெயிலில்தான் வரும். மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, வெப்சைட், மெயில், நேம் சர்வர் மூன்றையும் அதிலேயே ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். டொமைனுக்கு, அதாவது கம்பெனியின் இணையப் பெயருக்கு, இரண்டு நேம் சர்வர் வேண்டும் என்று பதிவு செய்யும் இடத்தில் கேட்டார்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் சூட்டி எழுதிக் கொடுத்தேன். சாமர்த்தியம் என்று அன்றைக்கு நினைப்பு.

ஒரு மழைக்காலத்தில் டிரான்ஸ்பார்மர் போய் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மெயிலை வேறு இடத்துக்குத் திருப்பிவிடலாம் என்றால், புது இடத்தைச் சொல்லவேண்டிய நேம் சர்வரும் அதே மாடிப்படிக்குக் கீழே இருட்டில் கிடக்கிறது. சரி, டொமைன் வாங்கிய இடத்தில் போய் நேம் சர்வரையே மாற்றலாம் என்றால், டொமைன் நண்பர் பெயரில் இல்லை. வெப்சைட் டிசைன் செய்த பையன் தன் பெயரில் வாங்கியிருக்கிறான். அவன் துபாயில். அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் கரண்டே வந்துவிட்டது!

நேம் சர்வர் பேசாமல் கிடந்தால் மெயில் உடனே தொலையாது. அனுப்பியவரின் சர்வர் அதை வைத்துக்கொண்டு, நாலைந்து நாள் வரைக்கும்கூடத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். எங்கள் ஆர்டர்களும் மூன்றாம் நாள் தாமதமாக வந்து சேர்ந்தன. ஆனால் நேம் சர்வர் வாய் திறந்து, "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று தப்பாகச் சொல்லிவிட்டால், மெயில் அந்த நிமிடமே திரும்பிப் போய்விடும். ஊமையைவிடப் பொய்யன் ஆபத்து. டொமைனைப் புதுப்பிக்க மறந்தாலும், நேம் சர்வரில் உள்ள பதிவுகளில் அரைகுறையாகக் கை வைத்தாலும் இந்தப் பொய்தான் வெளியே போகும்.

நேம் சர்வர்களை ஒரே இடத்தில் வைத்து மாட்டிக்கொள்வதில் பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் வெப்சைட்டுகள் ஏறக்குறைய ஒரு நாள் கண்ணில் படவில்லை. நான்கு நேம் சர்வர்கள் இருந்தன. நான்கும் ஒரே நெட்வொர்க்கில். அங்கே ஒரு ரூட்டரின் அமைப்பைத் தப்பாக மாற்ற, நான்கும் சேர்ந்து மறைந்தன. 2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றுபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப்பின் சொந்தக்காரரான பேஸ்புக் கம்பெனியின் நெட்வொர்க்கில் நடந்த தவறு அது; அதன் நேம் சர்வர்களுக்குப் போகும் பாதையே உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தது. சரிசெய்கிறவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கருவிகளும் அந்த நெட்வொர்க்கையே நம்பியிருந்ததால், திரும்பி வர ஆறு மணி நேரம் ஆனது.

அப்படியானால் பெரிய டி.என்.எஸ். கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? 2016 அக்டோபர் 21-இல் டைன் என்ற அமெரிக்க டி.என்.எஸ். நிறுவனத்தின்மேல் பெரிய தாக்குதல் நடந்தது. தாக்கிய படையில் சாதாரண கண்காணிப்பு கேமராக்கள்கூட இருந்தன, யாரோ கடத்தி ஏவியவை. ட்விட்டரும் நெட்பிளிக்ஸும் தடுமாறின. அவர்களுடைய சர்வர்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. வழி சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால் மெயிலை நம்பிப் பிழைப்பவர்கள், முடிந்தால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் நேம் சர்வர் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் ஒரே ஊரிலும் இருக்கக்கூடாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட நாட்களில் சென்னையில் கரண்டும் போனும் என்ன பாடுபட்டன என்று பார்த்தவர்கள்தானே நாம்.

நேம் சர்வருக்கு இடம் தேடும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். டொமைன் விற்கிறவர்கள் பலர் இந்தச் சேவையைத் தனிக்காசு வாங்காமலே தருகிறார்கள். சர்வர்கள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன, உள்ளே நுழைய பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்கிறார்களா, பதிவு முழுவதையும் நாமே நகல் எடுத்துக்கொள்ள முடியுமா, இதை எல்லாம் விசாரியுங்கள். மெயில் வைத்திருப்பவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைப் போட இடம் உண்டா என்றும் கேட்கவேண்டும். இந்த மெயில் நாங்கள் அனுப்பியதுதான் என்பதற்கு அவை அத்தாட்சி. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது. மெயில் சர்வரைத் தாங்களே நடத்துகிறவர்களுக்கு, எண்ணிலிருந்து பெயருக்குப் போகும் மறுபதிவு ஒன்றும் வேண்டும். அதை மட்டும் டி.என்.எஸ். கம்பெனியிடம் கேட்டுப் பயனில்லை, உங்களுக்கு ஐ.பி. எண் கொடுத்தவரிடம்தான் கேட்கவேண்டும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் தப்பான கதவைத் தட்டியிருக்கிறேன்.

சர்வரை இடம் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. நேம் சர்வர் சொன்ன பதிலைக் கேட்டவர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருப்பார்கள். எவ்வளவு நேரம் என்பதை நீங்களே வினாடிக் கணக்கில் குறிக்கலாம். 86,400 என்று இருந்தால் ஒரு நாள். சர்வரை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிட்டால், ஐந்து நிமிடத்தில் பழைய எண் மறந்துபோகும். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை.

நண்பரின் பட்டறையில் கம்ப்யூட்டர் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. நேம் சர்வர் மட்டும் வெளியே போய்விட்டது, இரண்டு கம்பெனிகளில். டொமைனை அவர் பெயருக்கு மாற்ற ஒன்றரை மாதம் பிடித்தது. உங்களுக்கும் சொந்த டொமைன் இருந்தால், அது யார் பெயரில் இருக்கிறது, என்றைக்கு முடிகிறது என்று இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள்.