எந்தக் கப்பலில் ஏறுவது?



விலை கொடுத்து வாங்கும் பொருளை ஆராய்ந்து வாங்கவேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். விலையின்றி வரும் பொருளையும் ஆராய வேண்டுமோ? "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. அன்பினால் கொடுப்பவன் திறத்தில் அப்பழமொழி பொருந்தும். கொடுப்பவன் மாட்டு வணிகனாய் இருப்பின் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை காணத் தூத்துக்குடிக் கடற்கரையைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

1907ஆம் ஆண்டில் அக்கரையிலிருந்து கொழும்புக்குச் செல்ல இரண்டு கப்பல்கள் காத்திருந்தன. ஒன்று சுதேசிக் கப்பல். மற்றொன்று ஆங்கிலேயர் கப்பல். அந்நாளில் பெருங்கப்பல்கள் தூத்துக்குடிக் கரையை அணுக இயலாது; கடலில் ஆழம் குறைவு. ஆதலின் அவை கரைக்குச் சில கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பிரயாணிகள் படகேறிச் சென்று கப்பலை அடைவர். எந்தப் படகில் கால் வைப்பது என்று துறையிலேயே முடிவு செய்தாக வேண்டும். வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வரலாற்றை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர் ஒருவரேனும் என்னைக் கேட்பதுண்டு: "ஐயா, அன்று நீங்கள் அங்கிருந்தால் எதில் ஏறியிருப்பீர்கள்?" எளிதில் விடை கூறத்தக்க கேள்வி அன்று இது. ஆகவே செய்திகளை முதலில் வரிசையாகக் காண்போம்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் வாணிகம் நெடுங்காலம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. 1856இல் கல்கத்தாவையும் பர்மாவையும் இணைக்கத் தோன்றிய அந்நிறுவனம், பின்னர்ப் பாரசீக வளைகுடாவரையிலும் கிழக்கு ஆப்பிரிக்காவரையிலும் கப்பல் விட்டது. அதற்கு எதிராக 1906ஆம் ஆண்டில் சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். ஆக நாற்பதாயிரம் பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராய் இருந்தார்.

தொடக்கத்தில் சுதேசிக் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஷா கம்பெனியாரிடம் வாடகைக்குக் கப்பல் பெற்று ஓட்டினர். எதிர்த்தரப்பினர் கொடுத்த நெருக்கடியால் அக்கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. உடனே கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திய சிதம்பரம் பிள்ளை, கப்பலின்றித் திரும்புவதில்லை என்ற உறுதியோடு பம்பாய் சென்றார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஆயிரத்து முந்நூறு சாதாரணப் பிரயாணிகளையும் நாலாயிரம் மூட்டைச் சரக்கையும் ஏற்ற வல்லது.

பின்னர் மூண்டது கட்டணப் போர். ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாக்கினர். அதன்மேல் ஆங்கிலக் கம்பெனியார், கட்டணமே வேண்டா, எங்கள் கப்பலுக்கு மாறி வாருங்கள் என்று அழைத்தனர். வந்தவருக்குக் குடை ஒன்றும் கொடுத்தனர் என்று சொல்வர். சிதம்பரம் பிள்ளையையே விலைக்கு வாங்கவும் முயன்றனர். அவர் மறுத்துவிட்டார்.

இனி, துறையில் நிற்கும் பிரயாணியைப் பார்ப்போம். அவர் நமக்கு அந்நியர் அல்லர். அம்பாசமுத்திரத்திலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் புறப்பட்டு, அப்போது புதிதாக வந்திருந்த இரயிலில் திருநெல்வேலி சென்று, மணியாச்சியில் வண்டி மாறித் தூத்துக்குடி சேர்ந்தவர் அவர். எதிர்த்தரப்பும் நம் பள்ளத்தாக்குக்கு அந்நியமன்று. பாபநாசத்தில் பொருநையின் வீழ்ச்சியை விசையாக்கி விக்கிரமசிங்கபுரத்தில் நூலாலை நடத்திய ஹார்வி நிறுவனத்தாரே தூத்துக்குடியில் ஆங்கிலக் கப்பல் கம்பெனிக்கும் முகவர்கள்.

அப்பிரயாணிகள் எல்லோரும் ஒரு நிலையினர் அல்லர். ஒருவர் வணிகர், மூட்டைகளோடு போகிறார். ஒருவர் கொழும்புக் கடையில் கணக்கெழுதுபவர். விடுமுறை முடிந்து திரும்புகிறார். மற்றொருவர் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் கூலியாள். இவருடைய வழிச்செலவைக் கங்காணி முன்பணமாகக் கொடுத்துக் கடன் கணக்கில் எழுதிக்கொள்வான். எட்டணா என்பது வணிகருக்குச் சிறு காசு. கூலியாளுக்கோ கடனில் ஏறும் சுமை. ஒரே குடை மூவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

இலவசப் பயணத்துக்கு ஆன செலவை யார் கொடுத்தார்? கரி எரிந்தது, மாலுமிகள் சம்பளம் பெற்றனர், கப்பல் தேய்ந்தது. இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் அன்றோ? நம் ஊர் வழக்கால் விளக்குகிறேன். கன்னடியன் கால்வாயிலும் நதியுண்ணிக் கால்வாயிலும் கோடைமேலழகியான் கால்வாயிலும் நிலம் உடைய ஒருவர், ஒரு வயலைத் தரிசு போட்டாலும் மற்ற வயல்களின் நெல்லைக்கொண்டு உண்பார். ஒரே வயல் உடையவர் ஒரு பூ விளைச்சலை இழந்தாலும் கடனாளியாவார். ஆங்கிலக் கம்பெனிக்குப் பல கடல்வழிகள். சுதேசிக் கம்பெனிக்கு ஒரே வழி. கொழும்பு வழியில் ஏற்பட்ட இழப்பை மற்ற வழிகளில் வந்த வருவாயால் ஈடு செய்யலாம். போட்டியாளர் ஒழிந்தபின் அதே வழியில் மீண்டும் கட்டணம் வைக்கலாம். இலவசமாகப் போகும் பிரயாணி போகும் நாளை எண்ணுகிறார். திரும்பும் நாளை எண்ணுவதில்லை. கொழும்பிலிருந்து அவர் மீளும்போது கடலில் ஒரே கம்பெனியின் கப்பல்தான் இருக்குமாயின், அன்று கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்?

இத்தகைய செயலைச் சட்டம் தடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்திலேயே இதையொத்த வழக்கு ஒன்று நடந்தது. சீனத்துத் தேயிலையை ஏற்றிச்செல்லும் கப்பல் கம்பெனிகள் சில தம்முள் கூடி, கட்டணத்தைத் தாழ்த்தியும், தம் கப்பல்களிலேயே சரக்கேற்றுவோர்க்குத் தள்ளுபடி கொடுத்தும், மொகல் என்னும் கம்பெனியை அவ்வழியிலிருந்து விரட்டின. மொகல் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1891 டிசம்பரில் பிரபுக்கள் சபை, இது வாணிகப் போட்டியே, குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. ஆகவே தூத்துக்குடியில் குடை கொடுத்தவர்களை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? சட்டம் காக்காத இடத்தில், பிரயாணியின் முடிவு ஒன்றே எஞ்சிய காவல்.

மேற்குக் கரையிலும் இதே கதை நிகழ்ந்தது. 1893இல் ஜாம்செட்ஜி டாட்டா, ஜப்பானின் நிப்பான் யூசன் கைஷா என்னும் கம்பெனியோடு சேர்ந்து, பம்பாயிலிருந்து ஜப்பானுக்குப் பஞ்சு ஏற்றிச்செல்லக் கப்பல் விட்டார். உடனே பி அண்டு ஓ கம்பெனியார் ஜப்பானுக்குரிய சரக்குக் கட்டணத்தை மிகத் தாழ்த்தினர். சீனத்துக்குரிய கட்டணத்தை முன்போலவே வைத்திருந்தனர். போட்டி உள்ள வழியில் மட்டும் தாராளம். போட்டி இல்லாத வழியில் பழைய கதை. நம் வணிகர் குறைந்த கட்டணத்தை நாடிச் சென்றனர். டாட்டாவின் கப்பல்கள் சில காலத்திலேயே நின்றன. ஜப்பானியக் கம்பெனியோ நிலைத்தது. காரணம் என்ன? ஜப்பான் நாட்டு நூற்பாலைச் சங்கத்தார், தம் நாட்டுக் கப்பலிலேயே பஞ்சை ஏற்றுவதென்று உடன்படிக்கை செய்துகொண்டனர். எதிராளி எவ்வளவு தாழ்த்தினாலும் அவர்கள் அசையவில்லை. எனவே குறைந்த விலை அவர்களைப் பிரிக்கவில்லை.

இதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. தனி ஒருவர் எட்டணா கொடுத்து ஏறுவதால் மட்டும் கப்பல் பிழைக்காது. அவர் இலவசமாக ஏறுவதால் மட்டும் கப்பல் மூழ்கவும் செய்யாது. ஆதலின் ஒவ்வொருவரும், "என் ஒருவனால் என்ன?" என்று நினைப்பது இயல்பு. ஆயிரம் பேர் அவ்வாறு நினைக்கும்போது கப்பல் வெறுமையாகிறது. கால்வாய்ப் பாசனத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சுவது எதற்காக? அவரவர் மனம்போல் மடையைத் திறந்தால் கடைமடை காய்ந்துபோம். ஒரு தனி மனிதனின் நல்லெண்ணத்தைவிடப் பலர் கூடிச் செய்த ஏற்பாடு வலியது என்பதை நம் உழவர் அறிந்திருந்தனர்.

இப்போது மாணவர்களின் கேள்விக்கு வருவோம். கூலியாள் இலவசக் கப்பலில் ஏறியிருந்தால் அவரை நான் குறை கூறேன். கடன் சுமப்பவரிடம் நாட்டின் கடனையும் சுமக்கச் சொல்வது நீதியன்று. கணக்கெழுதுபவர் எட்டணா கொடுத்து ஏறியிருக்க வேண்டும். அது அவரால் இயலும். பெரும்பொறுப்பு வணிகருடையது. சரக்கின் வருவாயே கப்பலுக்கு உயிர். ஜப்பானியர் செய்ததுபோல் நம் வணிகர் எல்லோரும் கூடி உடன்படிக்கை செய்திருப்பின், குடை கொடுத்தவர் எத்தனை நாள் கொடுத்திருப்பர்? என்னைக் கேட்டால், மாதச் சம்பளம் பெறுபவன் ஆதலின் எட்டணாக் கப்பலிலேயே ஏறியிருக்க வேண்டியவன் நான். மூட்டையோடு வந்திருந்தால் மற்ற வணிகர் வீட்டு வாசல்களிலும் ஏறி இறங்கியிருக்க வேண்டியவன்.

எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர் பலர் இருந்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. கட்டணப் போர் மட்டும் அக்கம்பெனியை வீழ்த்தவில்லை. அரசாங்கத்தின் பகையும் சேர்ந்தது. 1908 மார்ச் 12ஆம் நாள் சிதம்பரம் பிள்ளை சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911இல் கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளிவந்தபோது ஓட்டுவதற்குக் கப்பல் இல்லை.

எனினும் அம்முயற்சி வீண்போகவில்லை. 1919 ஏப்ரல் 5ஆம் நாள் சிந்தியா கம்பெனியின் 'லாயல்ட்டி' கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அதுவும் கட்டணப் போரைச் சந்தித்தது. ஆனால் தாங்கி நின்றது. அந்நாளையே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். சந்தையில் ஓங்கி நிற்கும் நிறுவனம், போட்டியாளரை ஒழிக்கும் நோக்கோடு அடக்க விலைக்கும் கீழே விற்பதை, 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இந்நாட்டில் தடை செய்கிறது. குடை கொடுத்தவர்களை நிறுத்த இன்று ஒரு மன்றம் உண்டு.

மாணவ நண்பர்களே, குறைந்த விலையெல்லாம் சூழ்ச்சி என்று நான் கூறவில்லை. திறமையாலும் சிக்கனத்தாலும் விலை குறைவதும் உண்டு. அது மக்களுக்கு நன்மை. இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். இவ்விலையில் இவர் எத்தனை நாள் விற்க முடியும்? போட்டியாளர் இல்லாத ஊரிலும் இதே விலைக்குத்தான் விற்கிறாரா? மற்றவர் ஒழிந்துவிட்டால் நாளை நமக்கு வேறு வழி உண்டா? கைப்பேசிச் சேவையாயினும், வாடகை ஊர்தியாயினும், ஊர்க் கடையாயினும் இக்கேள்விகளைக் கேளுங்கள். விடை நல்லதாயின் மகிழ்ந்து பெறுங்கள். அல்லதாயின், பக்கத்து வீட்டாரோடும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். தனித்து முடிவு செய்வோரைப் பிரிப்பது எளிது.