தாதிமைக்கு மேலே என்ன இருக்கிறது?

"தாதி வேலையா? அதற்கு மேலே என்ன இருக்கிறது?" என்று மகளைக் கேட்கும் பெற்றோர் நம்மிடையே இன்னும் உண்டு.

முன்பெல்லாம் அனுபவமுள்ள தாதி பதவி உயர வேண்டுமானால், பெரும்பாலும் நிர்வாகத்துக்கோ கற்பித்தலுக்கோ போக வேண்டும். நோயாளியை விட்டு விலக வேண்டும். 2003இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் தாதிமை முதுகலைப் படிப்பைத் தொடங்கியபோது இன்னொரு வழி திறந்தது.

அதை முடித்து, மேற்பார்வையில் பயிற்சி பெற்று, தாதியர் வாரியத்தின் சான்றிதழும் பெற்றால் 'ஏபிஎன்' எனப்படும் மேல்நிலைத் தாதி ஆகலாம். அவர் நோயாளியைப் பரிசோதிக்கிறார். நாள்பட்ட நோய்களைக் கண்காணிக்கிறார். 2018 முதல், அதற்கான தனிப் பயிற்சி முடித்தவர்கள் மருத்துவருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்தும் எழுதித் தருகிறார்கள்.

ஆகவே, மகள் தாதியாக விரும்பினால் தடுக்காதீர்கள். "எதுவரை படிக்கப் போகிறாய்?" என்று கேளுங்கள்.