குடிசை நமது, மனை யாருடையது?

(உத்திரமேரூர் வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நமது ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்ச் சுவரைப் பார்க்கிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தேர்தல் கண்ட ஊர் என்று நாமும் பெருமைப்படுகிறோம்.

ஆனால் குடத்துக்குள் யார் பெயரைப் போடலாம் என்பதையும் அந்தக் கல்லே சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அடுத்தவன் மனையில் குடிசை போட்டு, அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டிய நமது பாட்டன் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்க முடியாது.

இன்று நமக்கு ஓட்டு உண்டு. மனை உண்டா? அதைப் பற்றித்தான் பேச வந்தோம்.

குடிசை நமது. மண் மிதித்தது நாம், மூங்கில் வெட்டியது நாம், கூரை வேய்ந்தது நாம். பலர் இன்று கல் வைத்து ஓடு போட்டு, தளமும் போட்டிருக்கிறோம். வீடு யாருடையது என்று கேட்டால் நம்முடையது என்கிறோம். வீட்டின் கீழே இருக்கும் மண் யாருடையது என்று கேட்டால் வாய் அடைத்துப் போகிறது.

இதே செங்கற்பட்டு ஜில்லாவில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் 1891ல் சர்க்காருக்கு ஒரு அறிக்கை எழுதினார். சேரி ஜனங்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருப்பதை அதில் எடுத்துக் காட்டினார். கூலி கூட்டிக் கேட்டால், ‘குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்பான் மிராசுதார். பிள்ளை குட்டிகளோடு எங்கே போவது? கேட்ட கூலியை விழுங்கிவிட்டு மறுபடி களத்துக்குப் போக வேண்டியதுதான். சவுக்கைவிடப் பெரிய ஆயுதம் அந்த மனை.

அந்த ஆயுதத்தைப் பிடுங்கத்தான் ஜனங்கள் போராடினார்கள். 1961ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று, தஞ்சை ஜில்லா கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். 1971ல் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. 1971 ஜூன் 19 அன்று விவசாயியோ விவசாயத் தொழிலாளியோ குத்தகையாகவோ அனுமதியின் பேரிலோ குடியிருந்த மனை அவருக்கே சொந்தம் என்றது அந்தச் சட்டம்.

சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஏறியதெல்லாம் தாலுகா ஆபீஸ் கணக்கில் ஏறிவிடவில்லை.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஆலையிலேயே முழு வீட்டையும் செய்து, வண்டியில் இழுத்து வந்து இறக்குகிறார்கள். ஏழைத் தொழிலாளிகள் கடன் வாங்கி அதை வாங்குகிறார்கள். பல மாகாணங்களில் அந்த வீட்டுக்கு மோட்டார் வண்டிக்குக் கொடுப்பது போன்ற உரிமைப் பத்திரம்தான் உண்டு. வீடு தொழிலாளிக்குச் சொந்தம், அது நிற்கும் மனையோ பலருக்கு வாடகை மனை. மனைக்காரன் வாடகையை ஏற்றினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகவும் பணமில்லை, கட்டவும் பணமில்லை. பணக்கார தேசத்திலும் மண் யாருடையதோ அவன் சொல்தான் நடக்கிறது.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுவரி ரசீது, கரண்டு பில், ரேஷன் கார்டு ஆகியவை நாம் அங்கே குடியிருப்பதற்குச் சாட்சி. பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் மனை நமது என்று அவை சொல்லாது. மனை நமது ஆக வேண்டுமானால் மூன்று இடத்தில் நாம் இருக்க வேண்டும். மண்ணில் கல் நட்டிருக்க வேண்டும். கையில் பட்டா இருக்க வேண்டும். கிராமக் கணக்கில் பெயர் ஏறியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆபத்துதான்.

பக்கத்தில் ஒரு காலனியில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து பட்டாவைக் காட்டினாள். நிலம் எடுத்து, கூட்டம் போட்டுக் கொடுத்த பட்டா. மழை படாமல் முப்பது வருஷம் காப்பாற்றியிருக்கிறாள். கணக்கைப் பார்த்தால் அந்தப் புல எண் இன்னும் பழைய நிலச் சொந்தக்காரன் பெயரிலேயே கிடக்கிறது! உட்பிரிவு செய்யவில்லை, அளந்து காட்டவில்லை. பழைய சொந்தக்காரனின் வாரிசு அதை விற்க விலை பேசிவிட்டான்.

காலனியே சேர்ந்து ஒரே மனு போட்டது. நிலம் எடுத்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கினோம். பல நடை நடந்தபின் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். பாட்டி தன் மனையில் நட்ட கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இப்பதான் தம்பி இது எம்மனை” என்றாள். அந்தக் காலனியில் இன்னும் சில வீடுகள் பாக்கி இருக்கின்றன. விடப்போவதில்லை.

ஆகவே உங்கள் மனையின் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். கணக்கில் அது எந்த வகை என்று பாருங்கள். ஆலைக்குப் போகும் பிள்ளைகள் போனிலேயே பார்த்துச் சொல்லலாம், இ-சேவை மையத்திலும் பார்க்கலாம்.

நத்தமானால் அது குடியிருப்பதற்கென்றே விட்ட இடம். அது சர்க்காரைச் சேராது என்று சென்னை ஹைக்கோர்ட் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தம் பட்டா கேளுங்கள்.

மிராசுதார் பட்டா நிலமானால், 1971க்கு முன்பிருந்தே நமது குடும்பம் அங்கே இருந்ததற்குச் சாட்சி திரட்டுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

ஆட்சேபணை இல்லாத புறம்போக்கானால் தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம்.

ஏரி, வாய்க்கால் புறம்போக்கானால் உண்மையைச் சொல்லிவிடுகிறோம், அங்கே பட்டா கிடைக்காது. கோயில் பெயரில் உள்ள மனைக்கும் பட்டா எளிதில் வராது. ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் பிடுங்கும் தரகனை நம்பாதீர்கள். ஏரி நமது பாசனத்துக்கும் வேண்டும். எனவே மாற்று மனை கொடுத்த பிறகே வீட்டில் கை வை என்பதுதான் அங்கே நமது கோரிக்கை.

பட்டாதாரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள். அண்ணன் தம்பி சண்டையில் மனை பறிபோன குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். புதுப் பட்டா கேட்கும்போது வீட்டுப் பெண்மணியின் பெயரிலும் கேளுங்கள். குடித்துவிட்டு அடகு வைக்க முடியாது!

இதில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2024ல் துவங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்றார்கள். ஆனால் மனை சொந்தமாக இருக்க வேண்டும். யாருக்கு வீடே இல்லையோ அவனுக்குப் பெரும்பாலும் மனையும் இல்லை. மனையில்லாத ஏழைக்கு முதலில் மனையைக் கொடு என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஒரகடத்தில் வேலை பார்க்கும் பிள்ளை வீட்டுக்கடன் கேட்டு பாங்குக்குப் போனாலும் முதல் கேள்வி பத்திரம் எங்கே என்பதுதான்.

கடைசியாக ஒன்று. தனித்தனியாக ஓடாதீர்கள். ஒருத்தன் போனால் ‘நாளைக்கு வா’ என்பார்கள். தெரு முழுவதும் ஒரே பட்டியலாக எழுதி, ஜமாபந்தி அன்று சேர்ந்து போய்க் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் 2005ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நமது சங்கத் தோழர்கள் இருக்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒவ்வொரு தெருவிலும் உட்காருவோம். தகரப் பெட்டிகளைத் திறப்போம். யாரிடம் காகிதம் உண்டு, யாரிடம் இல்லை என்று பட்டியல் எடுப்போம். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்பது கிராமக் கணக்கில் எழுதப்படும் வரை ஓயமாட்டோம்!