படத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்!

(இளைஞர் கல்வி வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

கல்வி முகாமில் ஒரு மௌலவி சினிமாவைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. உங்களைத் தியேட்டருக்கு அழைக்க நான் வரவில்லை. சினிமா பார்ப்பது வேறு. சினிமாவைப் படிப்பது வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இளம் வயது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அழைத்து, அங்கு யூதர்கள் கையாண்ட எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். வரும் கடிதத்தைப் படிக்கவும் பதில் எழுதவும் நம்மிடமே நம்பிக்கையான ஆள் இருக்க வேண்டும் அல்லவா? அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இன்று நம்மைப் பற்றி உலகம் எழுதும் கடிதங்களில் பாதி, படமாகத்தான் வருகிறது. அந்த எழுத்தைப் படிக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கிலாந்தில் 16 வயது முதல் 18 வயது வரை, பல்கலைக்கழகத்துக்கு முன்பே, 'ஏ லெவல்' படிப்பில் திரைப்படக் கல்வி ஒரு பாடம். கணிதம், வரலாறு போலத் தேர்வு எழுத வேண்டும். எடுகாஸ் தேர்வு வாரியம் 2017-இல் தொடங்கிய பாடத்திட்டத்தில் 70 விழுக்காடு மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு; 30 விழுக்காடு மாணவரே உருவாக்கும் குறும்படத்துக்கு அல்லது திரைக்கதைக்கு. அந்தத் திட்டத்தின் படப்பட்டியலில் நம் மணிரத்னம் 1998-இல் எடுத்த 'தில் சே' இருந்தது. ஈரானின் 'டாக்சி டெஹ்ரான்' இருந்தது. மொரிட்டானிய இயக்குநர் சிசாகோவின் 'திம்புக்டு' இருந்தது. ஆயுதத்தோடு பள்ளிவாசலுக்குள் நுழைபவர்களை அவ்வூர் இமாம் கண்டிக்கும் காட்சி அதில் உண்டு. தீவிரவாதியும் முஸ்லிம், அவனைத் தட்டிக் கேட்பவரும் முஸ்லிம் என்பதை அங்கே ஒரு கிறிஸ்தவ மாணவனும் பாடமாகப் படிக்க முடிந்தது!

என்ன கற்றுத் தருகிறார்கள்? கேமரா எங்கே நின்றது, விளக்கு எந்தப் பக்கம், எந்த இடத்தில் வெட்டி எதனோடு ஒட்டினார்கள், பின்னணி ஓசை என்ன, இந்தக் கதையால் யாருக்கு லாபம் என்று கேட்கக் கற்றுத் தருகிறார்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் குலஷோவ் என்பவர் ஒரு நடிகரின் அசைவற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் ஒரே முகத்தில் ஒருமுறை பசியையும் மறுமுறை துக்கத்தையும் கண்டார்களாம்! அப்படியானால் ஒரு தொப்பியையும் தாடியையும் காட்டி, அடுத்த நொடியே வெடிகுண்டைக் காட்டினால் என்ன ஆகும்? சிந்தித்துப் பாருங்கள்!

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இது புரியும். விவரமானவர் கடை விளக்கில் சேலையை வாங்க மாட்டார். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார். செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-வது வசனம் நமக்குத் தரும் பழக்கமும் அதுதான்.

2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து முஸ்லிம் அமைப்புகள் குரல் கொடுத்தன. தமிழகத்தில் இரண்டு வாரத் தடை வந்தது, பேச்சுவார்த்தை நடந்தது, சில காட்சிகள் திருத்தப்பட்டு, பிப்ரவரி 7-இல் படம் வெளியானது. உரிமைக்குரல் தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொடி பிடிக்க ஆயிரம் பேர் வருகிறார்கள். பேச்சுவார்த்தை மேசையில் காட்சிவாரியாக விளக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? இங்கிலாந்து முஸ்லிம்கள் 2018-இல் 'ரிஸ் டெஸ்ட்' என்று ஐந்தே கேள்விகளை வகுத்தார்கள். படத்தில் வரும் முஸ்லிம் பயங்கரவாதத்தோடு சேர்த்துக் காட்டப்படுகிறாரா, காரணமின்றிக் கோபப்படுபவரா, பிற்போக்கானவரா, மேற்கத்திய வாழ்க்கைக்கு ஆபத்தானவரா. ஆணாக இருந்தால் பெண்ணை இழிவு செய்பவரா, பெண்ணாக இருந்தால் ஒடுக்கப்பட்டவரா? இதை வகுத்துத் தந்தது ஆத்திரம் அல்ல, படித்த அறிவு!

நம் பிள்ளைகளில் பலர் 'விஸ்காம்' என்ற பெயரையே பிளஸ் டூ முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் ஆயிரம் படங்கள் உள்ளே போய்விடுகின்றன. செல்போன் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். பார்ப்பதைத் தடுக்க முடியாத வயதில், ஆராயவாவது கற்றுக் கொடுக்க வேண்டாமா?

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவ மாணவியருக்கு மாதம் ஒரு ஞாயிறு வகுப்பு நடத்தட்டும். ஆலிம் ஒருவரும் ஊடகம் படித்த ஒருவரும் சேர்ந்து நடத்தட்டும். பிள்ளைகள் ஒரு செய்திப் படத்தையோ விளம்பரத்தையோ எடுத்து, இரண்டு பக்கம் ஆராய்ந்து எழுதட்டும். வியாபாரிகளே! கடை விளம்பரத்துக்குத் தாராளமாகச் செலவு செய்கிறீர்கள். அதில் ஒரு பங்கை, இந்தத் துறையைப் படிக்க விரும்பும் ஓர் ஏழை மாணவருக்குக் கொடுங்கள்.

நம் கதையை நாமே சொல்லும் நாள் வர வேண்டும். அதற்கு முன், அடுத்தவர் சொல்லும் கதையைப் படிக்கக் கற்க வேண்டும். பயனுள்ள கல்வியை வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன்.